கிரேக்கரும் மிலேச்சரும்



திருவருகைக் காலத்தில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து நாம் கோயிலை விட்டு வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வாசற்படியருகில் காத்திருந்தார். முகத்தில் கலக்கம். "சாமி, அமெரிக்காவுல படிக்கிற எம் பேத்தி என்னமோ கிரேக்கச் சங்கத்துல சேந்துட்டாளாம். பேரன்தான் போன்ல சொன்னான். கிரேக்கம்னா வேற மதமா சாமி? இல்ல, நம்ம சபையிலேருந்து பிரிஞ்சு போனாங்களே, அவங்களா?" என்று கேட்டார்.

மதமும் இல்லை, பிரிந்த சபையும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் சங்கம்தான் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். பிறகு அறையில் வந்து அமர்ந்தபோது, நாம் சொன்னது பாதி விடைதான் என்று பட்டது. அண்ணன் தங்கையைப் பற்றிக் கடல் கடந்து பாட்டியிடம் முறையிடுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் அன்றோ? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவ்விருவரும் ஊருக்கு வந்தனர். ஒரு மாலைப்பொழுது அவர்களோடு பேசியிருந்தோம். அதற்கு முன்னும் பின்னும் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இத்திங்கள் எழுதுகிறோம். நம் மறைமாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டுக் கல்லூரிகளில் படிப்பதால் இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

முதலில் பெயரைப் பற்றி. குருமடத்தில் சிறிதளவு இலத்தீன் கற்றவர்க்கு ‘பிராத்தர்’ என்றால் சகோதரன், ‘சொரோர்’ என்றால் சகோதரி என்பது தெரியும். அவற்றின் வழிவந்தவையே ‘பிரட்டர்னிட்டி’, ‘சொராரிட்டி’ என்னும் சொற்கள். சகோதரச் சங்கம், சகோதரிச் சங்கம் என்று நாம் சொல்லலாம். இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகளே ஏறக்குறைய ஒவ்வொரு சங்கத்துக்கும் பெயர். பெரும்பாலும் அவை ஒரு கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள். அந்த வாசகத்தைப் பல சங்கங்கள் வெளியாருக்குச் சொல்வதில்லை. இதனால் இச்சங்கத்தார் அனைவரையும் அங்கே ‘கிரேக்கர்’ என்றே அழைக்கிறார்கள். அவர்களுள் கிரேக்க மொழி படிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்பது வேறு கதை.

இவற்றுள் முதலாவது, 1776 டிசம்பர் 5 அன்று விர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ‘ஃபை பீட்டா கப்பா’. அது பின்னாளில் படிப்பில் சிறந்தோரைப் பெருமைப்படுத்தும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் காணும் வகைச் சங்கங்களுக்கு மூலம், 1825-இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் எழுந்த ‘கப்பா ஆல்பா’. அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகள் ஏறக்குறைய நம் பழைய குருமடங்களைப் போன்றவை. விடியலில் கட்டாய செபம், பகலெல்லாம் பாடம் ஒப்புவித்தல், எந்நேரமும் கண்காணிப்பு. தங்களுக்குள் மனம்விட்டுப் பேச மாணவர்கள் ஒரு மூலையைத் தேடியதில் வியப்பில்லை. பின்னர்க் கல்லூரிகள் பெருகியபோது விடுதிகள் போதவில்லை. சங்கங்களே வீடு வாங்கி, சமையலுக்கு ஆள் வைத்து, உறுப்பினருக்கு உறைவிடமும் உணவும் தந்தன. பெண்களை அச்சங்கங்கள் சேர்க்கவில்லை. ஆகவே 1867-இல் இல்லினாய் மாநிலத்து மான்மத் கல்லூரியில் மாணவியர் 12 பேர் கூடித் தமக்கென்று ஒரு சங்கம் கண்டனர். இன்றைய ‘பை பீட்டா ஃபை’ அதுவே.

சரி, இவர்கள் கிரேக்கர் என்றால் சங்கத்தில் சேராதவர் யார்? பண்டைக் கிரேக்கர் தம் மொழி பேசாதோரை ‘பார்பரோஸ்’ என்றனர்; நம் பழைய நூல்கள் மிலேச்சர் என்பது போல. அச்சொல்லையே சுருக்கி, நெப்ராஸ்கா, இந்தியானா முதலிய பல்கலைக்கழகங்களில் சங்கம் சேராத மாணவரை ஒரு காலத்தில் ‘பார்ப்’ என்று அழைத்தனர். வேடிக்கையாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் மாணவர் தேர்தல்களில் கிரேக்கர் ஓரணி, பார்ப்கள் ஓரணி என்று நிற்கும் நிலை வந்தது. சேராதவர்களும் அந்த இழிபெயரையே கொடியாக உயர்த்திக்கொண்டனர். இன்று அச்சொல் அருகிவிட்டது. அதனிடத்தில் வழங்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் இறைவன் பெயர் வசையோடு கலந்திருப்பதால் அதை இப்பக்கத்தில் எழுதமாட்டோம். கிரேக்கர் அல்லர், மிலேச்சர் அல்லர் என்று பேதம் பாராதிருக்கச் சொன்ன புனித சின்னப்பர் இவ்விரு பெயர்களும் மீண்டும் ஒரு கல்லூரி வளாகத்தில் உயிர்பெற்றதைக் கண்டால் இன்னொரு திருமுகம் எழுதியிருப்பார் போலும்.

சேர்க்கை நடைபெறும் விதத்தை அந்தப் பெண்ணே நமக்கு விளக்கினாள். பெரிய பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே ஆகஸ்டு மாதத்தில் இது நடந்துவிடுகிறது. அலபாமா போன்ற இடங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவியர் இதில் கலந்துகொள்கின்றனர். 2021-இல் அவர்கள் எடுத்துப் போட்ட சிறு படங்களை உலகமெங்கும் பார்த்தார்கள். வந்த பெண்கள் ஒரு வாரம் வீடு வீடாகச் செல்லவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சில நிமிடங்கள் பேச்சு. இரவில் உறுப்பினர்கள் கூடி, யாரை மறுநாள் அழைப்பது என்று முடிவு செய்கின்றனர். வந்தவர்களும் தம் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுக்கின்றனர். நாளுக்கு நாள் வீடுகள் குறையும். இறுதி நாளில் உறை பிரிக்கப்படும். உறைக்குள் பெயர் இருந்தவர்கள் ஆரவாரத்தோடு தம் வீடு நோக்கி ஓடுவார்கள். அழைப்பே கிடைக்காத பெண்களும் உண்டு. உறுப்பினரின் மகள், தங்கை என்றால் தனிச் சலுகை அளிப்பது நெடுநாள் வழக்கம். 2020-க்குப் பின் பல சகோதரிச் சங்கங்கள் அதைக் கைவிட்டன. ஆடவர் சங்கங்களில் இத்தனை ஒழுங்கு இல்லை. சில மாலைகள் வந்து உண்டு பேசிப் போவார்கள்; பிடித்திருந்தால் அழைப்பு வரும், இல்லையேல் ஒன்றும் வராது.

இனி, ஒரு சாரார் மறு சாராரைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். சங்கத்தார் குடிகாரர், பணக்கார வீட்டுப் பிள்ளைகள், சந்தா கட்டி நண்பர்களை விலைக்கு வாங்குபவர்கள், தேர்வுத்தாள்களைத் தமக்குள் பதுக்கி வைப்பவர்கள். அந்த மங்கையர்க்குத் தலைமயிரும் உடையும் தவிர வேறு நினைவில்லை. இது இப்பக்கத்துப் பேச்சு. சேராதவர்கள் புத்தகப் புழுக்கள், கலகலப்பு அற்றவர்கள், இடம் கிடைக்காத பொறாமையில் பேசுபவர்கள். இது அப்பக்கத்துப் பேச்சு. 1978-இல் வெளிவந்த ‘அனிமல் ஹவுஸ்’ என்னும் திரைப்படம் சங்க வீடு என்றாலே குடியும் கூத்தும் என்ற எண்ணத்தை நாடெங்கும் பரப்பியது. வேடிக்கை என்னவென்றால், அப்படத்தைப் பார்த்துப் பல சங்கங்கள் தாமும் அவ்வாறே ஆடத் தொடங்கின. ஒருவன் மீது முத்திரை குத்தினால் அவனே அதற்கேற்ப நடக்கத் தொடங்குவதை நாமும் பங்கில் பார்த்திருக்கிறோம்.

சில பூசல்களுக்குக் காரணம் மனத்தில் அன்று, ஏற்பாட்டில் இருக்கிறது. நாடளாவிய பெரிய சகோதரிச் சங்கங்கள் தம் வீடுகளில் மது கூடாது என்று விதித்திருக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவு, விருந்துகள் எல்லாம் ஆடவர் வீடுகளில் நடக்கின்றன. வாசலில் நின்று யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று தீர்மானிப்பவர்கள் அந்த இளைஞர்களே. இளம்பெண்களுக்குக் கதவு திறக்கும், சங்கம் சேராத ஆண்பிள்ளை வந்தால், "இங்கே உனக்கு யாரைத் தெரியும்?" என்ற கேள்வி எழும். வெள்ளிக்கிழமை இரவு அவ்வாறு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவன் திங்கட்கிழமை வகுப்பில் அவர்களோடு ஒரே பெஞ்சில் அமரவேண்டும்.

உண்மை எங்கே இருக்கிறது? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை ஒன்றே போதும். அங்கே 1973-இல் சகோதரச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு நடன நோன்பைத் தொடங்கியது. இன்று அதில் பங்கு பெறுவோர் 46 மணி நேரம் உட்காராமல், உறங்காமல் நின்று புற்றுநோயுற்ற குழந்தைகளுக்காக நிதி திரட்டுகின்றனர்; சங்கத்தாரும் சேராதவரும் சேர்ந்தே நிற்கின்றனர். இதுவரை திரட்டியது 20 கோடி டாலருக்கு மேல். 2017 பிப்ரவரியில் மட்டும் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அதே பல்கலைக்கழகத்தில், அதே 2017 பிப்ரவரியின் முதல் வாரத்தில், சங்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த 19 வயது மாணவன் ஒருவனை வரிசையாக மது அருந்தச் செய்தார்கள். அவன் படிக்கட்டில் உருண்டு விழுந்தான். ‘சகோதரர்கள்’ அவனைத் தூக்கிச் சோபாவில் கிடத்தினார்கள். மறுநாள் காலை வரை மருத்துவ உதவிக்கு யாரும் அழைக்கவில்லை. பையன் இறந்தான். அந்த வீடோ மதுவிலக்கு வீடு என்று பெயர் பெற்றது.

அச்சாவுக்குப் பின் 2018-இல் அம்மாநிலம் கடுமையான சட்டம் இயற்றியது. புதியவர்களைத் துன்புறுத்தும் இவ்வழக்கம் பற்றிக் கல்லூரிகள் வெளிப்படையாகக் கணக்குக் காட்டவேண்டும் என்று 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. சகோதரன் என்று பெயர் சூட்டி, சாகும் வரை பார்த்திருந்ததற்கு எந்தத் தொண்டும் ஈடாகாது. இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆயினும் குழந்தைகளுக்காக இரண்டு நாள் கால் கடுக்க நின்ற மாணவியைப் பார்த்து, "நீயும் அந்தக் கூட்டம்தானே" என்று சொல்லவும் நம்மால் இயலவில்லை.

கத்தோலிக்கருக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நம்மவர் பலரை இச்சங்கங்கள் அண்டவிடவில்லை. 1889-இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர்கள் கூடித் தமக்கென ‘ஃபை கப்பா’ என்ற சங்கத்தை நிறுவினர். 1959-இல் அது மற்றொரு கத்தோலிக்கச் சங்கத்தோடு இணைந்து ‘ஃபை கப்பா தீட்டா’ ஆயிற்று. யூதர்கள் 1898-இல் அவ்வாறே செய்தனர். 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ‘ஆல்பா ஃபை ஆல்பா’வைத் தொடங்கினர், மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அதன் உறுப்பினரானார். 1998-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நம் தெற்காசியப் பெண்களும் தமக்கென ஒரு கிரேக்கப் பெயர் சூட்டிக்கொண்டனர். வாசலில் நிறுத்தப்பட்டவன் தனக்கென ஒரு வீடு கட்டுகிறான். கட்டியபின் அதற்கும் ஒரு வாசல் வைக்கிறான். குறை சொல்வது எளிது. ஊர்விட்டு வந்து, உடன் அமர்ந்து உண்ண ஆளில்லாமல் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் நாவு எழவில்லை.

வேறு வழியும் சிலர் கண்டனர். 1893-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர்கள், 2019-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட நியூமன் பெயரால் ஒரு மன்றம் தொடங்கினர். அதில் கிரேக்க எழுத்தும் இல்லை, ஆள் தேர்வும் இல்லை. இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் அப்பெயரில் மையங்கள் உள்ளன. திருச்சிலுவைச் சபைக் குருக்கள் 1842-இல் நிறுவிய நோத்தர் தாம் பல்கலைக்கழகத்தில் இச்சங்கங்களுக்கே இடமில்லை. மாணவர் எந்த விடுதிக்கு என்பதை நிர்வாகமே ஒதுக்குகிறது. ஒவ்வொரு விடுதியிலும் ஒரு சிற்றாலயம். வில்லியம்ஸ் கல்லூரி 1962-இலும், ஆம்ஹர்ஸ்ட், கோல்பி கல்லூரிகள் 1984-இலும் சங்கங்களை நீக்க முடிவெடுத்தன.

மூடிய கதவை உள்ளிருந்து தட்டியவர்களும் உண்டு. இதை நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் நிலையாக இடம்பெற்றது 1963-இல். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள பழைய வெள்ளையர் சகோதரிச் சங்கங்கள் ஏறக்குறைய முழுதும் வெள்ளையராகவே இருந்தன. 2013 செப்டம்பரில் மாணவர் செய்தித்தாள் ஒரு செய்தி வெளியிட்டது: எல்லாத் தகுதியும் உள்ள கறுப்பினப் பெண் ஒருத்தியைச் சேர்க்க உறுப்பினர்கள் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்களான மூத்த பெண்டிர் தடுத்துவிட்டனர் என்று. சொன்னவர்கள் வெளியார் அல்லர். சங்கத்துக்குள் இருந்த இளம்பெண்களே பேசினர். தம் பெயரையும் வெளியிடச் சம்மதித்தவர்கள் உண்டு. மாணவரும் ஆசிரியரும் ஊர்வலம் சென்றனர். நிர்வாகம் சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தது; அம்மாதத்திலேயே கறுப்பினப் பெண்கள் சிலர் உள்ளே வந்தனர். ‘தலைமயிரும் உடையும் தவிர வேறு நினைவில்லாதவர்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள்தாம் அந்தப் பெண்கள்.

இனி நம் மூதாட்டியின் வீட்டுக்கு வருவோம். அண்ணன் மூன்றாம் ஆண்டு, தங்கை முதலாண்டு. இருவரும் ஒரே பல்கலைக்கழகம். அவர் முறுக்கும் அதிரசமும் எடுத்துவைத்தார். பிள்ளைகள் இருவரும் நம்மோடு பேசினார்களே தவிர, தமக்குள் பேசிக்கொள்ளவில்லை.

"தனியா ரொம்ப அழுதேன் பாதர்," என்றாள் பெண். "முப்பதாயிரம் பேர் படிக்கிற இடம். யாரையும் தெரியாது. இப்ப நாப்பது பேருக்கு எம் பேர் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு பேர் ராத்திரி பூரா கூடவே இருந்தாங்க." சங்க எழுத்துப் பதித்த சட்டையோடு வகுப்புக்குப் போனால் சிலர் தன்னை அறிவிலி என்றே எண்ணுவதாகவும், ஒரு குழு வேலையில், "நீ படித்திருக்க மாட்டாய், விடு" என்று ஒருவன் சொன்னதாகவும் கூறினாள். அந்தத் தேர்வில் அவளே முதல் மதிப்பெண்ணாம்.

"காசு குடுத்து வாங்குன ஃபிரண்ட்ஸ்," என்றான் அண்ணன், முறுக்கை ஒடித்துக்கொண்டே.

"நீ வேணாம்னு சேராம இருந்துட்டு என்னை ஏன் சொல்றே?"

"வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

அதன்பிறகு சிறிது நேரம் கழித்துத்தான் அவன் பேசினான். முதலாண்டில் அவனும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறான். மூன்று மாலைகள். விருந்து உண்டான், பந்து விளையாடினான், எல்லோரும் கைகுலுக்கினார்கள். அறைத்தோழனுக்கு அழைப்பு வந்தது. இவனுக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. நிறமா, பேச்சா, கையில் பணம் இல்லாமையா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று இரண்டு ஆண்டுகளாக அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான். தாய் தந்தையிடமும் சொன்னதில்லை. நாமும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தகுந்த சொல் நமக்கு அகப்படவில்லை என்பதே உண்மை.

தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதே அண்ணா," என்றாள். பிறகு நம் பக்கம் திரும்பி, ஒரு நாள் தன் சங்கத்து மூத்த பெண்கள் நூலகத்து வாசலில் நின்ற சிலரைப் பார்த்து அந்த மூன்றெழுத்துச் சொல்லைச் சொல்லிச் சிரித்ததாகவும், அக்கூட்டத்தில் அண்ணனும் இருந்ததாகவும், தானும் சேர்ந்து சிரித்துவிட்டதாகவும் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொன்னாள். அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

"வர்ற ஆகஸ்டுல நீதானே அந்தப் பக்கம் உக்காரப் போறே," என்றான் அவன். இப்போது குரலில் கடுமை இல்லை. "என்னை மாதிரி ஒரு பொண்ணு வந்தா என்ன பண்ணுவே?"

அவள் உடனே விடை சொல்லவில்லை. உள்ளே நடக்கும் வாக்கெடுப்பைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று விதி இருப்பதாக முணுமுணுத்தாள்.

"எங்கிட்டக் கூடவா சொல்லக் கூடாது?" என்று கேட்டார் பாட்டி.

நாம் மாலைச் செபத்துக்கு மணியடிக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்தோம். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டிக்குப் புரியாத ஆங்கிலத்தில், அந்த மூன்று மாலைகளிலும் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்கியிருந்தாள்.